குவீன் கேட்கிறவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

வணக்கம். முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு ராக் குழுவை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குவீன். பாடகர் ஃப்ரெடி மெர்குரி, கிட்டார் பிரையன் மே, டிரம்ஸ் ராஜர் டெய்லர், பேஸ் கிட்டார் ஜான் டீக்கன். இளையராஜாவைப் பற்றி விடிய விடியப் பேச நம் ஊரில் ஆள் உண்டு, நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். குவீனைப் பற்றிப் பேச மட்டும் இத்தனை வருடத்தில் ஒருவர் கூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா லாரி ஓட்டினார். 1992 கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு கேசட் கொண்டுவந்து கையில் கொடுத்தார். 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்', 1981ல் வந்த தொகுப்பு. எனக்கு அப்போது பதினான்கு வயது. டூ-இன்-ஒன்னில் போட்டால் முதல் பாட்டே 'பொஹீமியன் ராப்சடி'. மெதுவாக ஆரம்பிக்கிறது. பியானோ வருகிறது, ஒருவன் அம்மாவிடம் புலம்புகிறான், கிட்டார் எழுகிறது, திடீரென்று கூத்துக் கொட்டகை மாதிரி ஒரு கூட்டமே சேர்ந்து கத்துகிறது, அப்புறம் இடி இடித்து ஓய்ந்து மறுபடி அமைதி. திண்ணையில் இருந்த பாட்டி, "இது ஒரு பாட்டாடா, நாலு பாட்டாடா?" என்று கேட்டார். அந்தப் பாட்டைப் பற்றி அதைவிட நல்ல கேள்வியை நான் இன்றுவரை எங்கேயும் படித்ததில்லை.

மூன்றாவது வருடம் நாடா சிக்கிக் கிழிந்துபோனது. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். இரண்டு நொடி போய்விட்டது. கிட்டார் முடிந்து அந்தக் கூட்டக் குரல்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் உள்ள இடம். இப்போது போனில் முழுப் பாட்டையும் கேட்கிறேன். ஆனால் அந்த இடம் வரும்போது என் மனசு தானாகத் தாவிவிடுகிறது. பாட்டு முன்னால் போகாமல் இரண்டு நொடி நின்று போவது போல இருக்கும். அந்த இரண்டு நொடி மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

மே மாதம் தொடங்கி ஜூலை வரை மாங்கூழ் ஆலையில் எனக்கு இரவு வேலை. பெங்களூரா மாம்பழ லோடு வாசலில் வரிசையாக நிற்கும். எடைச்சீட்டு எழுதிக்கொண்டே கேட்பேன். தூக்கம் வராது. இப்போது 48 வயது. பிடித்தது எத்தனையோ விட்டுப்போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.


பழையபேட்டை, கிருஷ்ணகிரி

அண்ணா, நான் இருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில்தான் இருப்பேன் போல!

எங்கள் வீட்டில் உருது பேசுவோம். பக்கத்துக் கடையில் இந்தப் பாட்டு ஓடியது. எனக்கு ஆங்கிலம் அப்போது சுத்தமாகத் தெரியாது. திடீரென்று நடுவில் 'பிஸ்மில்லா' என்று கேட்டது. கையில் இருந்த டீ டம்ளரை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். மொத்தப் பாட்டில் எனக்குப் புரிந்த ஒரே சொல் அது. சாப்பாட்டில் கை வைக்கும்போது தினமும் சொல்கிற சொல், எங்கேயோ இங்கிலாந்தில் ஒருவர் வாயிலிருந்து வருகிறது. கடைக்காரரிடம் போய் யார் பாடுகிறார்கள் என்று கேட்டேன். அங்கே ஆரம்பித்ததுதான்.

ஆங்கிலம் கற்றுக்கொண்டதே அந்தக் கேசட் அட்டையை வைத்துத்தான் என்று சொன்னால் வீட்டில் இன்னும் நம்ப மாட்டார்கள்.


லேத்துக்காரர், ஓசூர்

இந்த இழையை என் மகள் காட்டினாள். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டூல்ரூமில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஞானம் கிடையாது. அந்தக் கிட்டாரைப் பற்றிச் சொல்கிறேன். என்னைப் பிடித்தது அதுதான்.

பிரையன் மே வாசிக்கும் கிட்டார் கடையில் வாங்கியது இல்லை. 1963ல், பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயதில், அப்பாவும் மகனுமாக வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். அப்பா எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். முடிக்க இரண்டு வருடம் ஆனது. கழுத்துக் கட்டை, நண்பர் வீட்டில் கழித்துப் போட்ட பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டம். நூறு வருடத்துக்கு மேல் பழைய மரம். அதில் இருந்த புழுத் துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடம்புக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம். பிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) நடுவில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள். சுருதியை அசைக்கும் கைப்பிடி, சைக்கிள் பையைத் தாங்கும் கம்பியிலிருந்து வந்தது. அதன் நுனியில் இருப்பது பின்னல் ஊசியின் முனை. காந்தச் சுருள்களைக் கடையில் வாங்கி, கீச்சொலி வராமல் இருக்க உள்ளே அரால்டைட் ஊற்றி அடைத்தார். நாம் உடைந்த வாளியை ஒட்டும் அதே அரால்டைட்.

இனி சொல்லப்போவது என் தொழில் சம்பந்தப்பட்டது. கிட்டாரின் கைப்பிடியை அசைத்துவிட்டு விட்டால் கம்பிகள் பழைய சுருதிக்குத் திரும்பி வர வேண்டும். அந்தக் காலத்துக் கடைக் கிட்டார்களில் அது சரியாக வராது, உராய்வுதான் காரணம். மே என்ன செய்தார் என்றால், கம்பிகளைத் தாங்கும் பாலத்தை (பிரிட்ஜ்) கத்தி முனையில் உட்கார வைத்தார். தராசு முள் கத்தி முனையில் நிற்பது போல. அந்த முனையைக் கடினப்படுத்திய ஸ்டீலில் செய்தார். கம்பிகளின் இழுப்பை எதிர்ப்பக்கம் தாங்குவது 1928ஆம் வருடத்துப் பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. பதினாறு வயதுப் பையனுக்கு உராய்வு எங்கே வருகிறது, அதை எப்படிக் கொல்வது என்று தெரிந்திருக்கிறது. எத்தனையோ டிப்ளமோ பையன்களுக்கு நான் வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இதைக் கதையாகவே சொல்லிக் கொடுப்பேன்.

அந்தக் கிட்டாரைத்தான் அவர் இன்றும் மேடையில் வாசிக்கிறார். பிளாஸ்டிக் வில்லை கூட வேண்டாம் என்று பழைய ஆறு பென்ஸ் காசை வைத்து மீட்டுகிறார். அந்தக் காசின் பல் விளிம்பு கம்பியில் உரசும் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள், கேட்கும்.

மாந்தோப்பு கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. கையால் செய்த பொருள் கடைசிவரை உழைக்கும். பாட்டும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.


மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

சார், மூன்று முறை படித்துவிட்டேன். அந்தப் பொத்தான் சமாச்சாரம் எனக்குத் தெரியாது.

'கையால் செய்தது' என்றீர்களே, பொஹீமியன் ராப்சடியும் அப்படியே. கூட்டமாகக் கேட்கும் அந்தக் குரல்கள் மூன்றே பேர்: மெர்குரி, மே, டெய்லர். டீக்கன் அதில் பாடவில்லை. உச்சியில் கீச்சென்று போகும் குரல் டிரம்ஸ் வாசிக்கும் டெய்லருடையது. 24 தடம் உள்ள நாடாவில் மேல் மேலாக 180 முறை வரை பதிந்து பதிந்து, நாடாவின் பூச்சே தேய்ந்து வெளிச்சம் தெரியும் அளவுக்குப் போய்விட்டதாம். இதைப் படித்த நாளில் என் ஒட்டுப்போட்ட கேசட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.


ஒன்பதாம் வகுப்பு, தருமபுரி

நான் இயற்பியல் ஆசிரியை. லேத்துக்காரர் சாருக்கு வணக்கம். உங்கள் தராசு முள் உதாரணத்தை என் வகுப்பில் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா வந்தால் பிள்ளைகள் பெஞ்சில் இரண்டு தட்டு, ஒரு கைதட்டு என்று ஆரம்பித்துவிடுவார்கள். 'வி வில் ராக் யூ' என்று அவர்களுக்குத் தெரியாது. யார் பாட்டு என்றும் தெரியாது. பென்னாகரம் பக்கம் மலையோரக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கும் அந்தத் தாளம் தெரிகிறது. எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1977ல் ஒரு ஊரில் கச்சேரி முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல் தாங்களாகவே பாடியது. நெருக்கியடித்து நிற்கிற ஜனம் என்ன செய்ய முடியும்? காலைத் தட்டலாம், கையைத் தட்டலாம், பாடலாம். அடுத்த நாள் காலையில் மே அந்த எண்ணத்தோடு எழுந்தார். கேட்பவர்கள் வாசிப்பதற்கென்றே செய்த பாட்டு அது.

அதைப் பதிந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. பழைய பலகைகளின் மேல் சில பேர் மிதித்தார்கள், அவ்வளவுதான் ஆள். அதைப் பெரிய கூட்டமாக்க, அதே ஒலியைச் சிறுசிறு தாமதத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். சமமான இடைவெளியில் சேர்த்திருந்தால் கிணற்றுக்குள் கத்தியது போல எதிரொலி கேட்கும். மே அந்த இடைவெளிகளைப் பகா எண்களின் கணக்கில் வைத்தார். ஒன்றின் மடங்கில் இன்னொன்று விழாது. அதனால் எதிரொலியாகத் தோன்றாமல், பக்கத்தில் ஒருவர், தள்ளி ஒருவர் என்று ஆயிரம் பேர் நிற்பது போல இருக்கிறது. பகா எண் எதற்கு டீச்சர் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1970ல் விண்வெளித் தூசு பற்றி முனைவர் ஆய்வு தொடங்கி, பேண்டுக்காகப் பாதியில் விட்டவர். முப்பது வருடம் கழித்துத் திரும்பப் போய் 2007ல் முடித்தார். பாதியில் படிப்பை நிறுத்தப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன்.

'39' என்று ஒரு பாட்டு, 1975ல் 'எ நைட் அட் தி ஓபரா'வில் வந்தது. கேட்டிருக்கிறீர்களா? மே எழுதி அவரே பாடியது. புது உலகம் தேடி விண்கலத்தில் போகிறவர்கள் ஒரு வருடம் என்று நினைத்துத் திரும்பி வந்தால் பூமியில் நூறு வருடம் ஓடியிருக்கும். ஐன்ஸ்டைன் சொன்ன கால நீட்சியை அப்படியே நாட்டுப்பாட்டு மாதிரி மெட்டில் வைத்திருக்கிறார். என் அப்பா பதினோரு வருடம் துபாயில் இருந்தார். அவர் திரும்பி வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. என்னைப் பார்த்து என் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பாட்டின் இயற்பியல் எனக்குக் கல்லூரியில் புரிந்தது. பாட்டு அதற்கு முன்பே புரிந்திருந்தது.


தொப்பூர் கணவாய், நல்லம்பள்ளி

டீச்சர், கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நான் உங்கள் எல்லோரையும் விடச் சின்னவன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. 2018ல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தைப் பார்த்துத்தான் குவீன் தெரியும். படம் பார்த்து வந்தவனைப் பழைய ரசிகர்கள் சேர்த்துக்கொள்வார்களா என்று தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கடைசி இருபது நிமிடம், லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி, அதற்குப் பிறகு உண்மையான காணொளியைத் தேடிப் பார்த்தேன். குறைந்தது ஐம்பது முறை பார்த்திருப்பேன்.

இப்போது ஃப்ரெடி இடத்தில் ஆடம் லாம்பர்ட் பாடுகிறாரே, அதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?


மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

தம்பி, எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? எனக்கு லாரி வழியாக வந்தது, உங்களுக்குப் படம் வழியாக.

படத்தில் இரண்டு விஷயம் மட்டும் மாற்றிப் புரிந்துகொள்ளாதீர்கள். லைவ் எய்டுக்கு முன்னால் குழு பிரிந்திருந்ததாகக் காட்டுகிறார்கள். பிரியவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில்கூட ஊர் ஊராக வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள், 1985 ஜனவரியில் ரியோவில் மாபெரும் கூட்டத்தின் முன் நின்றார்கள். அடுத்தது, ஃப்ரெடி தன் நோயை லைவ் எய்டுக்கு முன்பே தெரிந்துகொண்டு நண்பர்களிடம் சொல்வதாக வருகிறது. அவருக்கு அது தெரிந்தது பின்னால். ஆகவே 1985 ஜூலை 13ஆம் தேதி வெம்ப்ளி மேடையில் நிற்கிற மனிதர் சாவை நினைத்துப் பாடவில்லை. தெம்பாக, சந்தோஷமாக, 72,000 பேரைக் கைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் காணொளியை அப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவருடைய சந்தோஷத்தை நாம் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

லாம்பர்ட் நல்ல பாடகர். ஆனால் என்னால் அதைக் குவீன் என்று சொல்ல முடியாது. நால்வர் எழுதினார்கள், நால்வரும் தனித்தனியாக ஹிட் கொடுத்தார்கள். 'ரேடியோ கா கா' டெய்லர் எழுதியது. 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' டீக்கன் எழுதியது. நாலு காலில் நின்ற கட்டில் அது.


லேத்துக்காரர், ஓசூர்

இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேக்கும் டெய்லருக்கும் கை ஓடுகிறது. கை ஓடுகிறவனிடம் பட்டறையை மூடு என்று சொல்லக் கூடாது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை எட்டு மணிக்குச் சீருடை போடாமல் நின்றபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். இப்போதும் கச்சேரியில் மே தனியாக உட்கார்ந்து 'லவ் ஆஃப் மை லைஃப்' வாசிப்பார். கூட்டம் பாடும். கடைசியில் பின்னால் திரையில் ஃப்ரெடி வந்து பாடுவார். அவரை மறந்துவிட்டு நடத்துகிற கச்சேரி இல்லை அது.

டீக்கனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். லண்டனில் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் பலகையை எடுத்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதில் மே கிட்டாரைச் செருகினால் வயலின் மாதிரியும், கிளாரினெட் மாதிரியும் சத்தம் வரும். 'குட் கம்பெனி' பாட்டில் ஒரு முழு பேண்டு செட் வாசிப்பது போலக் கேட்கும், எல்லாம் கிட்டார்தான். அப்படிப்பட்ட மனிதர் 1997க்குப் பிறகு ஒதுங்கிவிட்டார். மேடை இல்லை, பேட்டி இல்லை. நண்பன் போன பிறகு தன்னால் முடியாது என்று போய்விட்டார். அதையும் நான் மதிக்கிறேன். இரண்டு பேர் வாசித்துத் துக்கத்தைத் தாங்குகிறார்கள், ஒருவர் பேசாமல் இருந்து தாங்குகிறார். எங்கள் வீட்டிலேயே என் அம்மா போனபோது அண்ணன் ஒரு மாதிரி, நான் ஒரு மாதிரி.


மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

சரி சார். 'பட்டறையை மூடு என்று சொல்லக் கூடாது' என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றிரவு அந்தக் கச்சேரியைப் பார்க்கிறேன்.


தக்காளி மண்டி, பாலக்கோடு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஃப்ரெடி மெர்குரி நம் நாட்டுக்காரர்தானே? இந்தியாவில் படித்தவர். பெயரை மாற்றிக்கொண்டு அதை மறைத்துவிட்டார் என்று படித்தேன். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.


பழையபேட்டை, கிருஷ்ணகிரி

பிறந்தது 1946ல் ஆப்பிரிக்கா பக்கம் உள்ள சான்சிபார் தீவில், பார்சி குடும்பம். பெயர் ஃபரோக் புல்சாரா. எட்டு வயதில் கப்பலேற்றி மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி மலையில் உள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஃப்ரெடி என்ற பெயர் அந்தப் பள்ளியிலேயே நண்பர்கள் வைத்தது, லண்டனில் வைத்தது இல்லை. முதல் பேண்டும் அங்கேதான், பியானோ வாசித்தார். 1964ல் சான்சிபாரில் புரட்சி வந்தபோது குடும்பம் உயிர் பிழைக்க இங்கிலாந்து போனது. போய்ச் சேர்ந்த ஃபெல்தம் என்ற ஊரில்தான் பிரையன் மேயின் வீடும் இருந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் மாதிரி இருந்தும் அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. நானும் மாந்தோப்பு அண்ணாவும் இத்தனை வருடம் இருந்த மாதிரி.

மறைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்தவனுக்குத் தெரியும். நீ எந்த ஊர் என்று கேட்டால் ஒற்றை வரியில் சொல்ல முடியாது. தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து பேசும் நம் மாவட்டத்தில் இது யாருக்கும் புதிது இல்லையே. அவர் அம்மா அப்பாவின் வீட்டுக்கு எப்போதும் போய்வந்துகொண்டுதான் இருந்தார். 1991ல் இறந்தபோது இறுதிச் சடங்கு பார்சிகளின் ஜரதுஷ்டிர முறைப்படிதான் நடந்தது.

ஃப்ரெடி இருந்த குவீன் இந்தியாவில் ஒரு மேடை கூட ஏறவில்லை. வருத்தப்பட வேண்டுமென்றால் நான் அதற்குத்தான் படுவேன். பெங்களூர் வந்திருந்தால் நம் ஊரிலிருந்து 90 கிலோமீட்டர்.


தக்காளி மண்டி, பாலக்கோடு

புரிந்தது அண்ணா. நன்றி. '39' கேட்டேன். நல்ல பாட்டு.


மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னிடம் கேசட் கொடுத்த மாமாவைப் பற்றி.

மாமா 1998ல் இறந்துபோனார். 39 வயது. எட்டு மாதம் இளைத்துக்கொண்டே போனார். ஒரு ஆஸ்பத்திரியில் கட்டிலை ஓரமாகத் தள்ளிப் போட்டார்கள், சாப்பாட்டுத் தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். என்ன நோய் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. காசநோய் என்று ஊருக்குச் சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன். பங்காளிகள் பிணத்தைத் தொடவில்லை.

ஃப்ரெடி 1991 நவம்பர் 23ஆம் தேதி தனக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை விட்டார். மறுநாள் இரவு இறந்தார். சாகும் தறுவாயில், உலகம் முழுக்கத் தெரிந்த ஒருவர், அந்தச் சொல்லைத் தன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். மாமா இறந்த வருடம் நான் அதை ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்த மனிதரின் கேசட்டைத்தான் மாமா எனக்குக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மாமாவுக்கு அது தெரியாது.

கடைசி மாதங்களில் மாமா அந்தக் கேசட்டைக் கேட்பார். வெட்டி ஒட்டிய இடம் வந்தால், "இங்கேதான் பள்ளம், வண்டி தூக்கிப் போடும்" என்று சிரிப்பார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இந்த நோயின் பெயரை அவர் பெயரோடு சேர்த்து இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.


வெள்ளை உடுப்பு, தருமபுரி

தம்பி, நான் ஓய்வு பெற்ற செவிலியர். இசை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, மகன் அனுப்பிய இணைப்பில் படித்தேன்.

உங்கள் மாமாவுக்கு நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். எங்களுக்கும் அந்த நாட்களில் பயம் இருந்தது, அறியாமையும் இருந்தது. 1986ல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனின் முயற்சியில் இந்தியாவில் முதன்முதலாக இந்த எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. பன்னிரண்டு வருடம் கழித்தும் வார்டில் தட்டைத் தூர வைத்தோம் என்றால் அது எங்கள் குற்றம்தான். அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். உங்கள் மாமாவுக்கு ஆறு வருடம் தாமதமாகிவிட்டது. அதே நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிய எத்தனையோ பேர் இன்றும் தினம் மாத்திரை போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். என் கண்ணால் பார்க்கிறேன்.

நீங்கள் எழுதியது நல்லது.


ஒன்பதாம் வகுப்பு, தருமபுரி

சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். 1992 ஏப்ரல் 20ஆம் தேதி ஃப்ரெடிக்காக வெம்ப்ளியில் நடந்த நினைவுக் கச்சேரியின் பணத்தில்தான் மெர்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட் தொடங்கினார்கள். எய்ட்ஸுக்கு எதிரான வேலைகளுக்கு இன்றும் உதவுகிறது.

'மதர் லவ்' என்று ஒரு பாட்டு உண்டு. 1991 மே மாதத்தில் ஃப்ரெடி பாடியது. நிற்கவே முடியாத நிலை. கடைசிச் சரணத்துக்கு முன்னால் களைத்துப்போய், அப்புறம் வந்து முடிக்கிறேன் என்று போனார். திரும்பி வரவில்லை. அந்தச் சரணத்தை மே பாடினார். 1995ல் வெளிவந்தது. குரல் மாறுகிற இடத்தைக் கேளுங்கள் அண்ணா. ஆனால் இரவு வேலையில் தனியாக இருக்கும்போது வேண்டாம், பகலில் கேளுங்கள்.


தொப்பூர் கணவாய், நல்லம்பள்ளி

மாந்தோப்பு அண்ணா, நேற்று ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் உட்கார்ந்து ராப்சடியை முழுசாகக் கேட்டோம். உங்கள் மாமா சொன்ன பள்ளம் வரும் இடத்தில் எல்லோரும் பேசாமல் இருந்தோம். அவர்களிடம் கதையைச் சொல்லியிருந்தேன்.


லேத்துக்காரர், ஓசூர்

ஒரு விஷயம் இதுவரை சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நானும் என் மகளும் அந்தக் கிட்டாரைச் செய்துகொண்டிருக்கிறோம். பதினாலு மாதம் ஆகிறது.

கழுத்துக்கு, தேன்கனிக்கோட்டையில் எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு வாசக்கால். எத்தனையோ தலைமுறை மிதித்துப் போன மரம். கோடாரி வெட்டு ஒன்று அதில் இருக்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறோம். உடம்புக்குப் பலாப் பலகை. வீணைக்கு ஆகும் மரம் கிட்டாருக்கு ஆகாதா? கம்பி நீளம் மே வைத்த அதே 24 அங்குலம். அதாவது 609.6 மில்லிமீட்டர். முதல் பிரெட் 34.2ல் வரும், பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 304.8ல். 24 பிரெட்டுக்கும் மகள் கணக்குப் போட்டுக் கொடுத்தாள், நான் வெர்னியரில் குறித்து ரம்பம் போட்டேன். கத்தி முனையை ஓ.எச்.என்.எஸ். என்ற டூல் ஸ்டீலில் அரைத்துக் கடினப்படுத்தி வைத்திருக்கிறேன். அதில் எனக்குத் திருப்திதான்.

ஸ்பிரிங்கில்தான் மாட்டிக்கொண்டேன். பழைய ராஜ்தூத் ஒன்று ஓசியாகக் கிடைத்தது, ஆனால் அது டூ ஸ்ட்ரோக், வால்வே கிடையாது. புல்லட் வால்வு ஸ்பிரிங் போட்டுப் பார்த்தேன், ரொம்பக் கடினம். கைப்பிடி அசையவே மாட்டேன் என்கிறது. இன்னும் மெல்லிய, பழைய நாலு ஸ்ட்ரோக் வண்டியின் ஸ்பிரிங் ஜோடியாக வேண்டும். யாருக்காவது தெரியுமா?


பழையபேட்டை, கிருஷ்ணகிரி

சார், என் மச்சான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஜெனரேட்டர் எஞ்சின் ஸ்பிரிங் ஆகுமா? சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், நாலு ஸ்ட்ரோக். எங்கள் தெருவில் கல்யாண மைக்செட்டுக்கு ஓடியது. அளவு சொல்லுங்கள், ஒரு டப்பா நிறைய எடுத்து வருகிறேன்.


லேத்துக்காரர், ஓசூர்

ஆகலாம். வெளி விட்டம் 25 மில்லிமீட்டருக்குள், கையால் அமுக்கினால் பாதிக்கு இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்கே வந்துவிடுங்களேன். ஸ்பிரிங் எது சரி என்று போட்டுப் பார்த்துவிடலாம். சாப்பாடு எங்கள் வீட்டில். டீச்சரும் வர வேண்டும்.


ஒன்பதாம் வகுப்பு, தருமபுரி

வருகிறேன் சார். என் வகுப்பில் இரண்டு பெண்கள் பிரெட் கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கேட்டு அழைத்து வரலாமா? தருமபுரியிலிருந்து காலை பஸ் பிடித்தால் பத்தரைக்குள் வந்துவிடுவோம்.


தொப்பூர் கணவாய், நல்லம்பள்ளி

நானும். டீச்சர், பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொள்கிறேன்.


மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

பழையபேட்டை தம்பி, ஏழு மணிக்கு ரவுண்டானாவில் நில்லுங்கள், வண்டியில் சேர்ந்து போகலாம்.

மாமாவின் கேசட்டைக் கொண்டு வருகிறேன். பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். நாடா நன்றாகத்தான் இருக்கிறது, ஒட்டுப்போட்ட இடம் கூட விடவில்லை. ஆனால் என் டூ-இன்-ஒன்னில் பெல்ட் உருகி ஒட்டிப்போய்விட்டது, மோட்டார் சுற்றுகிறது, ரீல் சுற்றவில்லை. ஓசூரில் யாரிடமாவது ஓடுகிற டேப்ரிகார்டர் இருந்தால், அல்லது 60 மில்லிமீட்டர் ரப்பர் பெல்ட் கிடைத்தால், சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.